கொடுவாளை வைத்துவிட்டு ரம்பத்தை எடுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும் நாலு படங்களும் கிடைத்தன. இண்டூர் வீட்டின் பின்பக்கம் நிற்கிற பெங்களூரா மாமரம் ஓட்டின் மேல் கிளையைப் போட்டுவிட்டது, மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டால் ‘மொட்டையடிச்சிடலாம், மூணு வருசத்துக்குக் கவலையில்ல’ என்கிறார், மனசு கேட்காமல் தருமபுரி போனபோது கவாத்து ரம்பம் ஒன்று வாங்கி வந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு கேள்வி: ‘நானே அறுக்கலாமா, மரம் பட்டுப்போயிடாதா?’

தாராளமாக அறுக்கலாம். மரமும் பட்டுப்போகாது. கிளை உங்கள் மணிக்கட்டு கனத்துக்கு மேல் போகாமல் இருந்து, தரையில் நின்றபடியே எட்டினால், யாருடைய தயவும் வேண்டியதில்லை. ஆனால் எந்த இடத்தில் அறுப்பது, எந்த மாதத்தில் அறுப்பது என்ற இரண்டிலும் பிசகக் கூடாது. கை பலம் இதில் கடைசி. உங்களுக்குத் தனியாகவே பதில் போட்டிருக்கலாம். இதே சங்கடம் நம் பக்கத்தில் கொல்லையில் மரம் வைத்திருக்கிற பல வீடுகளில் இருப்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

நம் மண் மாங்காய்க்குப் பேர்போனது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன் இரண்டும் ஒரே தருமபுரிதான்; கூழ் ஆலைகளுக்குப் போகிற பெங்களூரா இந்தச் செம்மண்ணில் தோப்பு தோப்பாக நிற்கிறது. தோப்பு மரத்துக்கு மருந்தடிக்க, உழ, கவாத்து செய்ய என்று ஒரு முறை உண்டு. வீட்டு மரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. பத்து வருஷம் அதன் பாட்டுக்கு வளரும். காய் தந்தால் ஊறுகாய் போடுவோம். ஒருநாள் கிளை ஓட்டையோ, மின்கம்பியையோ, பக்கத்து வீட்டுச் சுவரையோ தொடும். அன்றைக்குத்தான் அதைத் தலைநிமிர்ந்து பார்ப்போம், அன்றைக்கே கொடுவாளும் வரும். அப்போது எடுக்க வேண்டியது தொடை கனக் கிளை. அது விரல் கனமாக இருந்தபோது கிள்ளியிருந்தால் போதும். மணிக்கட்டு கனமாக இருந்தபோது ரம்பத்தால் இரண்டு நிமிஷ வேலை.

மொட்டையடிப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஆள் நாளைக்கே வந்து நிற்கலாம். மொட்டையடித்த மரத்தில் கொஞ்ச நாளிலேயே வெட்டிய முண்டைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர் கிளம்பும். மரம் தழைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம். நடப்பது வேறு. இலையை மொத்தமாக இழந்த மரம் சாப்பாட்டுக்கு வழியில்லாமல், தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்திருந்ததை எடுத்து அவசர அவசரமாக இலை விடுகிறது. அந்தத் துளிர்கள் பட்டைக்குச் சற்றே உள்ளிருந்து வருபவை. இயல்பாக வளர்ந்த கிளைபோல நடுக்கட்டை வரை அவற்றுக்குப் பிடிப்பு கிடையாது. நெட்டையாக, நெருக்கமாக எழும். கனம் ஏறியபின் ஒரு காற்றில் அடியோடு பிய்ந்துகொண்டு வரும். நிழலிலேயே இருந்து பழகிய பட்டை திடீரென்று நம்மூர்ப் பங்குனி வெயிலில் நின்றால் வெடிக்கும். காய்ப்பும் சில வருஷங்களுக்கு இருக்காது. மூன்று வருஷம் கவலையில்லை என்பது அவருக்கு. உங்களுக்குக் கவலை அங்கேதான் ஆரம்பம்.

காற்று மழையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாத காலம் இது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது, அரூரில் 33. கடலில் இருந்து இவ்வளவு தள்ளியிருக்கிற நமக்குப் புயல் எங்கே வரப்போகிறது என்ற நினைப்பு அத்தோடு போயிற்று. சித்திரை, வைகாசியில் சுழற்றி அடிக்கிற கோடை மழைக்காற்றோ வருஷா வருஷம் வருவது. வீட்டோரம் நிற்கிற மரத்தின் கிளைகள் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது அந்த வீட்டின் பாதுகாப்புச் சமாசாரம்.

கொடுவாள் மீது எனக்குப் பகையில்லை. முள் கழிக்கவும் விறகு பிளக்கவும் அதற்கு நிகரில்லை. ஆனால் ஓங்கி வெட்டுகிற ஆயுதத்துக்கு வீசுவதற்கு இடம் வேண்டும். கிளை தண்டோடு சேர்கிற கவட்டையில் அந்த இடம் இருக்காது. அதனால் வெட்டுகிறவர் கை வீச வசதியாக ஒரு முழம் தள்ளி வெட்டுவார். மீதி முண்டு மரத்திலேயே நிற்கும். இலை இல்லாத முண்டுக்கு மரம் சத்து அனுப்பாது. அது காயும், மழைநீர் இறங்கும், உளுக்கும், தண்டு துளைப்பான் குடியேறும். முண்டு வேண்டாம் என்று தண்டை ஒட்டி வெட்டினாலோ தண்டின் பட்டையும் சேர்ந்து போகும். இதுபோக, ஒவ்வொரு வெட்டிலும் நார் பிளந்து பட்டை நசுங்குகிறது. ரம்பம் அப்படியில்லை. அதன் ஒடுங்கிய முனை கவட்டைக்குள் நுழையும். வைத்த கோட்டில் போகும். பாதியில் நிறுத்தி, தள்ளி நின்று பார்த்து, சந்தேகம் வந்தால் யோசிக்கலாம். ஓங்கிய கொடுவாளை அப்படி நிறுத்த முடியாது. அறுபது வயசுக்காரர்களும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் தாய்மாரும் தங்கள் மரத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள இந்த ஒரு கருவி போதும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

எந்த இடத்தில் அறுப்பது என்பதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர் அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்கர். அந்நாட்டு வனத்துறையில் மரநோய் ஆராய்ச்சியாளராக இருந்தவர். 1930-இல் பிறந்து 2006-இல் காலமானார். அவருக்கு முன்னால் மரத்தின் உள் அழுகலைக் குறுக்கு வெட்டில்தான் பெரும்பாலும் பார்த்தார்கள். ஷைகோ சங்கிலி ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து, பழைய காயத்திலிருந்து அழுகல் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது, எங்கே நின்றிருக்கிறது என்று தடம் பிடித்தார். 1977-இல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் வெளியிட்ட முடிவு இதுதான்: மனுஷ உடம்பு காயத்தை ஆற்றுவதுபோல மரம் ஆற்றுவதில்லை. கெட்ட பகுதியைப் பழையபடி நல்லதாக்க அதற்குத் தெரியாது. அதைச் சுற்றித் தடுப்பு கட்டி உள்ளேயே அடைத்துவிட்டு, வெளியே புதுக்கட்டையை வளர்த்து மூடிக்கொள்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் இந்தத் தடுப்புக்கு வேண்டிய ஏற்பாடு இயல்பாகவே இருக்கிறது. அந்த இடத்தை விட்டுவைத்து வெளியே அறுத்தால் மரம் தன்னைக் காத்துக்கொள்ளும். தண்டோடு வழவழவென்று சீவிவிட்டால் அந்த ஏற்பாட்டையே நாம் வெட்டி எறிந்தவர்கள் ஆவோம். பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது என்று அதுவரை தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது அந்தச் சீவலைத்தான்.

அந்த இடத்தை உங்கள் மரத்திலேயே பார்க்கலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது கிளைக்கு அடியில் போய் நில்லுங்கள். கிளை தண்டோடு சேரும் மூலையில், மேல்பக்கம், பட்டை நெருக்கித் தள்ளப்பட்டு கறுத்த சொரசொரப்பான ஒரு வரப்பு தெரியும். அது இரண்டு பக்கமும் தண்டில் சாய்வாக இறங்கியிருக்கும். கீழ்ப்பக்கம் கிளையின் அடி லேசாகப் புடைத்திருக்கும், கைக்கு வளையல் போட்ட மாதிரி. வயசான மாவில் பட்டை தடித்திருப்பதால் கண்ணுக்குப் பிடிபடாமல் போகலாம். கையால் தடவிப் பாருங்கள். புடைப்பு முடிந்து கிளை சீராகத் தொடங்குகிற இடம் விரலுக்குத் தெரியும். மேலே வரப்புக்கு வெளியே, கீழே புடைப்புக்கு வெளியே, இந்த இரண்டையும் சேர்க்கிற கோடுதான் அறுக்க வேண்டிய கோடு. பெரும்பாலும் அது தண்டுக்கு இணையாக நேர்க்குத்தாக இருக்காது, கீழ்ப்பக்கம் சற்று வெளியே தள்ளிச் சாய்ந்திருக்கும். சுண்ணாம்போ சாக்பீஸோ எடுத்துச் சுற்றிலும் கோடு போட்டுக்கொண்டால் அறுக்கும்போது தடுமாற்றம் வராது.

சரியாக அறுத்தீர்களா என்பதை அடுத்த வருஷம் மரமே காட்டும். வெட்டுவாயைச் சுற்றி புதுப்பட்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வட்டமாகத் திரண்டு வந்தால் சரி. இரண்டு ஓரத்தில் மட்டும் திரண்டு, மேலும் கீழும் வறண்டு நின்றால் தண்டை ஒட்டிச் சீவியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கோடு போட்டாயிற்று என்று நேராக அங்கே ரம்பத்தை வைத்துவிடாதீர்கள். கிளைக்குக் கனம் இருக்கிறது. முக்கால்வாசி அறுபட்டதும் தன் கனத்திலேயே மடங்கி, கீழ்ப்பக்கத்துப் பட்டையைத் தண்டு வரைக்கும் உரித்துக்கொண்டு விழும். முருங்கையில் இந்த உரிசலைப் பார்த்திருப்பீர்கள். அதனால் மூன்று அறுப்பு. முதலாவது, கோட்டிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி, கிளைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி. கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு போனால் போதும். அதற்கு மேல் போனால் கிளை கீழே அமுங்கி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். இழுப்பு இறுகுகிறது என்று கை உணர்ந்ததுமே எடுத்துவிடுங்கள். இரண்டாவது, அதிலிருந்து நாலு விரல் வெளியே தள்ளி, மேலிருந்து கீழே. கிளை முறிந்து விழும்போது உரிசல் ஓடிவந்து அந்த அடி அறுப்பில் நின்றுவிடும். இப்போது கையில் பிடிக்கிற அளவு முண்டுதான் பாக்கி. மூன்றாவது அறுப்பு அந்தச் சுண்ணாம்புக் கோட்டில். ஒரு கையால் முண்டைத் தாங்கிக்கொண்டு, கடைசி இழுப்புகளை மெதுவாக. கடைசியில் அவசரப்பட்டால் கீழோரத்தில் பட்டை கிழியும். அந்தக் கிழிசலை மூட மரத்துக்கு நாளாகும்.

ரம்பத்தைப் பற்றி. மரவேலை ரம்பம் காய்ந்த பலகைக்கானது. பச்சைக் கட்டையில் வைத்தால் ஈரத் தூள் பல்லுக்கிடையில் அப்பிக்கொண்டு நகராது. கவாத்து ரம்பத்தின் பல் பெரிது, ஒரு அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு வரை இருக்கும், ஈரத் தூளை வெளியே தள்ளுகிற இடைவெளியும் இருக்கும். பல்லின் கூர் கைப்பிடியைப் பார்த்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இழுக்கும்போது அறுக்கிற ரம்பம். இழுப்பில் தகடு விறைத்து நிற்கும், மடங்காது. அதனால்தான் அவ்வளவு மெல்லிய தகட்டில் அதைச் செய்ய முடிகிறது. ஜப்பானியர் இந்த வகையில் கைதேர்ந்தவர்கள். இப்போது நம் நாட்டுக் கம்பெனிகளும் செய்கிறார்கள், சில நூறு ரூபாயில் நல்லதே கிடைக்கிறது. இழுக்கும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள், தள்ளும்போது சும்மா விடுங்கள். தள்ளும்போது அழுத்தினால் தகடு வளைந்துவிடும். தகட்டின் முழு நீளத்தையும் ஓட்டுங்கள். நடுவில் நாலு விரல் அகலத்தில் சரசரவென்று ஆட்டுவதில் தோள்தான் வலிக்கும். தலைக்கு மேலே இருக்கிற கிளைக்கு வளைந்த தகடு நல்லது, இழுப்பிலேயே தானாகக் கட்டையில் பதியும். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட கிளைக்கு நேர்த்தகடு. தகட்டு நீளத்தில் பாதிக்கு மேல் கனமுள்ள கிளையை அந்த ரம்பத்தால் அறுக்கப் போகாதீர்கள். நீங்கள் வாங்கியது பத்து அங்குலத் தகடு என்றால் ஐந்து அங்குலம் அதற்கு உச்சவரம்பு; வீட்டு வேலைக்கு மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

இனி உங்கள் படங்கள். முதல் படத்தில் ஓட்டின் மேல் படுத்திருக்கிற இரண்டு கிளைகளும் மணிக்கட்டு கனம்தான். அவை உங்களுக்கானவை. இரண்டாவதில் மரத்தின் உள்பக்கம் ஒன்றோடொன்று உரசுகிற குச்சிகள், காய்ந்தவை, தண்டை நோக்கித் திரும்பி வளர்ந்தவை தெரிகின்றன. அவற்றையும் எடுத்தால் உள்ளே வெளிச்சமும் காற்றும் போகும், பூக்காலத்தில் சாம்பல் நோய்க்கும் தத்துப்பூச்சிக்கும் அந்த இருட்டு மூலை கிடைக்காது. மூன்றாவது படத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கிளம்பியிருக்கிற தளிரைத் தண்டோடு விட்டுவைத்திருக்கிறீர்கள். அது ஒட்டுக்குக் கீழேயிருந்து வருகிறது, இலையின் வடிவமே வேறாக இருப்பதைப் பாருங்கள். அதில் பெங்களூரா காய்க்காது. வேர்க்கன்றின் நாட்டு மாதான் வரும், மேலே இருக்கிற ஒட்டின் சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். அதை இன்றைக்கே அறுத்துவிடலாம், மாதம் பார்க்க வேண்டாம். நாலாவது படத்தில் சமையலறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற பெரிய கிளை தொடை கனம். அதை நீங்கள் தொடக் கூடாது. தெரிந்த ஆளை வைத்து, கயிறு கட்டி, நுனியிலிருந்து துண்டு துண்டாக இறக்கச் சொல்லுங்கள். கடைசி அறுப்பு எங்கே என்று கோடு போட்டுக் காட்டுவது உங்கள் பொறுப்பு. எல்லாம் சேர்த்து ஒரு வருஷத்தில் மரத்தின் தழையில் கால்பங்குக்கு மேல் போகக் கூடாது. பாக்கியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

மாதத்தைப் பற்றித்தான் நிறையப் பேர் யோசிப்பதில்லை. பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்கிற கையோடு மார்கழியில் மரத்தையும் ‘சுத்தம்’ செய்துவிடுகிறார்கள். மாவுக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. மா முற்றிய கொம்பின் நுனியில்தான் பூக்கும். நம் பக்கம் பூ வருவது மார்கழி, தை. ஆனியில், ஆடியில் காய் இறங்கியதும், ஆவணிக்குள் அறுத்துவிட்டால் மழையில் புதுத்தளிர் விடும். செந்நிறத் தளிர் பச்சையாகி, முற்றி, பூவுக்குத் தயாராக நாலைந்து மாதம் அதற்குக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அறுத்தால் பூக்க வேண்டிய நேரத்தில் மரம் தளிர்விட்டுக்கொண்டு நிற்கும், அந்த வருஷத்துக் காய் போச்சு. உங்கள் மரத்தில் இன்னும் காய் இருக்கிறது. அதைப் பறித்து முடியுங்கள். பிறகு மழையில்லாத ஒரு காலை நேரம்.

வெட்டுவாயில் எதையாவது பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கட்சி உண்டு. பெயின்ட், தார் போன்றவற்றைப் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பது ஷைகோ கண்டது. ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து அழுகலுக்கு உதவி செய்ததும் உண்டு. சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்புகிற நம் பழக்கத்தையும் நான் அந்தக் கணக்கிலேயே சேர்ப்பேன். ஆனால் நம்மூர் மாவுக்கு நுனிக்கருகலும் பட்டை அழுகலும் பெரிய தொல்லை என்பதால் நம் வேளாண் துறையினர் போர்டோ பசையைப் பரிந்துரைக்கிறார்கள், நானும் அவர்கள் பக்கம். விரல் கன வெட்டுக்கு ஒன்றும் வேண்டாம். இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட வெட்டுக்கு ஒரு பூச்சு. 100 கிராம் மயில் துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு ஒன்றாகக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியோ மண் சட்டியோதான். இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது. கலந்ததும் பளபளப்பான ஓர் ஆணியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். ஆணியில் செம்புச் சிவப்பு படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றைக்கே பூசிவிடுங்கள், மறுநாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும். பிரான்சின் போர்டோ பகுதியில், வழியோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துவிடாமல் இருக்கத் தெளித்து வைத்த கலவை இது. தெளித்த கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-இல் உலகத்துக்குச் சொன்னார்.

கொல்லையில் இருக்கிற மற்ற மரங்களுக்கு மாவின் கணக்கு ஒத்துவராது. கொய்யா புதுத்தளிரில்தான் பூத்துக் காய்க்கும். ஆகவே நுனியைக் கவாத்து செய்யச் செய்ய அதற்கு நல்லது. புரட்டாசி-ஐப்பசியில் ஒரு முறை, மாசி-பங்குனியில் ஒரு முறை நுனியை ஒரு சாணுக்கும் குறைவாக வெட்டிவிடுங்கள். செடிமுருங்கையைக் காய் ஓய்ந்ததும் தரையிலிருந்து மூன்றடியில் அறுத்துவிட்டால் நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். கொடுவாளால் வெட்டினால் அந்த மெத்தென்ற கட்டை பிளந்து, தண்ணீர் இறங்கி, அடிவரை அழுகும். எலுமிச்சையில் அடித்தண்டில் ஒன்றரை அடி வரைக்கும் கிளம்புகிற போத்தையெல்லாம் எடுத்துவிடலாம். சொறி விழுந்த குச்சியை அறுத்து எரித்துவிடுங்கள். அதியமான் நாட்டில் இருந்துகொண்டு நெல்லியை விட முடியாது: நெல்லிக் கட்டை சட்டென்று முறியும் ஜாதி, காய்க் கனத்திலேயே கிளை ஒடியும். ஆகவே கன்றாக இருக்கும்போதே இரண்டடி உயரத்துக்கு மேல் நாலைந்து கிளைகளை நாலு திசைக்கும் பார்த்து விட்டு, மற்றதை எடுத்துவிட வேண்டும். தென்னை மட்டை பச்சையாக இருக்கும்வரை அதன் பக்கம் ரம்பத்தைக் கொண்டுபோகவே கூடாது. இனிமேல் மா வைக்கப் போகிற வீட்டார், இடம் குறைவு என்றால், பையூர் ஆராய்ச்சி நிலையம் தந்த குட்டை ரகமான பையூர்-1 கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஏணியே தேவைப்படாது.

ஏணி என்றதும் சொல்ல வேண்டியது. ஏணியில் நின்றுகொண்டு ரம்பம் பிடிக்காதீர்கள். இழுக்கிற கையின் விசையில் ஏணி சரியும், அறுபட்ட கிளை ஊசலாடி வந்து ஏணியையே தட்டும். எட்டாத கிளைக்கு நீளக் கம்பில் பொருத்துகிற ரம்பம் இருக்கிறது. அதையும் கிளைக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று பிடியுங்கள். மின்கம்பியை ஒட்டிய கிளை என்றால் கம்பும் வேண்டாம், ரம்பமும் வேண்டாம். பச்சைக் கிளையில் மின்சாரம் பாயும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987; கூப்பிட்டுச் சொல்லுங்கள், லைனை நிறுத்திவிட்டு அவர்களே எடுக்க வேண்டிய கிளை அது. அறுப்பதற்கு முன் கிளையை ஒரு தடவை உலுக்கிப் பாருங்கள். இலையைச் சேர்த்துத் தைத்த முசுறுக் கூடு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். குருவிக்கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் சில வாரம் பொறுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மாம்பால் பட்டால் சிலருக்குத் தோல் வெந்ததுபோல் கொப்பளிக்கும், கண்ணில் தெறித்தால் இன்னும் மோசம். தாங்குகிற கைக்குக் கெட்டியான கையுறை.

வேலை முடிந்ததும் ரம்பத்தை அப்படியே மாட்டிவிடாதீர்கள். பால் காய்ந்தால் பிசினாகி, அடுத்த தடவை நகரவே நகராது. மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ துணியில் தொட்டு, முதுகுப் பக்கத்திலிருந்து பல் பக்கமாகத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை. நோய் கண்ட மரத்தை அறுத்துவிட்டு நல்ல மரத்துக்குப் போகும்போது மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடையுங்கள். பல்லின் நுனி கறுநீலமாக இருந்தால் அது சூடேற்றி இறுக்கிய பல். அரம் அதில் பிடிக்காது, சாணைக்காரரிடம் கொடுத்தும் பிரயோசனமில்லை. நாள்படும் வரை உழைக்கும், மழுங்கியபின் தகட்டை மட்டும் மாற்ற வேண்டியதுதான். பல் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் முக்கோண அரத்தால் நீங்களே தீட்டலாம்.

அறுத்த கொம்பின் உள்ளே பழுப்பு வளையமோ கறுப்புக் கோடோ தெரிந்தால், அல்லது அடிமரத்தில் மரத்தூள் கொட்டிக் கிடந்தால், பூச்சிமருந்துக் கடைக்குப் போய்க் கையில் கிடைத்ததை வாங்கி அடிக்காதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பச்சையும் காய்ந்ததும் சேர்ந்து இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு சாண் துண்டு அறுத்து, காகிதத்தில் சுற்றி எடுத்துப் போய்க் காட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே வியர்த்து, அழுகல் எது, நோய் எது என்று அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

அன்புடன்,
உங்கள் தோட்டப் பகுதி எழுத்தாளர்